எந்தச் சுண்ணாம்பு?

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மன்றத்தில் வழக்கமாக நான் கேள்வி கேட்பவள். என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் விவரம் அறிந்தவர்கள் பதில் சொல்வார்கள். இன்று மட்டும் எனக்கு இருபது நிமிடம் வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு தவற்றைத் திருத்த வேண்டும். அந்தத் தவறு என்னுடையது.

சில மாதங்களுக்கு முன்பு வீட்டிலிருந்தே வருமானம் தேடுவது பற்றி இதே மன்றத்தில் பேசினோம். அன்று வந்திருந்த விருந்தினர் பால் காளான் வளர்ப்பைப் பற்றி நன்றாகவே விளக்கினார். முடிவில், பேசியதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் தொகுத்துச் சொல்வது என் வேலை. விருந்தினர் 'கால்சியம் கார்பனேட்' என்று சொல்லியிருந்தார். நமது தாய்மார்களுக்கு எளிமையாக இருக்கட்டுமே என்று நினைத்து, "பையின் மேல் மண் போடுங்கள், அந்த மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்துகொள்ளுங்கள்" என்று நான் சொன்னேன். கடினமான சொல்லை எளிமையாக்க வேண்டும் என்று பொதுத்தொடர்புப் படிப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பாடம்தான். அந்த எளிய சொல் ஒரே பொருளைத்தான் குறிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அன்று மறந்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து பேரா மாநிலத்திலிருந்து ஓர் அம்மா அலுவலகத்திற்கு அழைத்தார். தோட்டம் விற்கப்பட்ட பிறகு தாமானுக்குக் குடியேறிய குடும்பம். கூட்டு எடுத்த பணத்தில் வைக்கோலும் வித்தும் வாங்கி 120 பைகள் போட்டிருக்கிறார். பைகள் பஞ்சு போல வெள்ளை வெளேரென்று நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. பிறகு என் பேச்சைக் கேட்டு, பக்கத்து ஹார்ட்வேர் கடையில் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புத் தூளை வாங்கி, 50 கிலோ மண்ணுக்கு இரண்டரை கிலோ கலந்து, மேலே பரப்பியிருக்கிறார்.

"மூணு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேன் தங்கச்சி, ஒரு மொட்டுகூட வரல. நீங்க சொன்ன மாதிரிதான்மா செஞ்சேன்" என்றார். திட்டவில்லை. "ஏன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, அடுத்த தடவை தப்பாம செய்யணும்" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அன்றிலிருந்து காளான் வளர்ப்பவர்களையும் விவசாயப் பொருள் விற்பவர்களையும் தேடிப் போய்க் கேட்டேன். படித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

மேல்மண் எதற்கு?

நம் நாட்டில் பெரும்பாலோர் வளர்ப்பது சிப்பிக் காளான். ரப்பர் மரத்தூள் பையின் வாயைத் திறந்தால் போதும், காளான் வெளியே வந்துவிடும். அதற்கு மேல்மண் வேண்டாம். பால் காளானும் மொட்டுக் காளானும் அப்படியல்ல. உள்ளே வெள்ளைப் பூசணம் முழுவதும் படர்ந்த பிறகு, அதன் தலைமீது ஒரு மண் போர்வை போட்டால்தான் அவை மொட்டு விடும்.

இந்தப் போர்வை காளானுக்கு உணவு கொடுப்பதில்லை. உணவு கீழே வைக்கோலில் இருக்கிறது. மேல்மண்ணில் சத்து குறைவாக இருப்பதுதான் நல்லது. உணவு நிறைந்த இடத்திலிருந்து உணவில்லாத இடத்துக்கு ஏறும்போதுதான் பூசணம் படர்வதை நிறுத்திவிட்டு இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. காளானின் எடையில் 100க்கு 90 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரின் ஒரு பகுதியை இந்த மண்தான் தேக்கி வைத்துக் கொடுக்கிறது. மொட்டுக் காளானைப் பொறுத்தவரை, மேல்மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் மொட்டு உருவாக உதவுகின்றன என்பது நிறுவப்பட்ட உண்மை.

பிரான்சு நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரைச் சுற்றியிருந்த பழைய கல்லுடைப்புச் சுரங்கங்களில் மொட்டுக் காளான் வளர்த்தார்கள். லுவார் ஆற்றுப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டிய குகைகளிலும் வளர்த்தார்கள். அங்கே காலடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் தூளே மேல்மண் ஆயிற்று. இன்று மேல்நாடுகளில் பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணோடு கால்சியம் கார்பனேட் கலக்கிறார்கள். பீட்கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளில் மிஞ்சும் சுண்ணாம்புக் கழிவும் அங்கே இதற்குப் பயன்படுகிறது. அதுவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே.

பால் காளானுக்கு வருவோம். இது நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. 1974ஆம் ஆண்டில் புர்காயஸ்தா, சந்திரா என்ற இரு ஆய்வாளர்கள் மேற்கு வங்காளத்திலிருந்து இதை விவரித்து, 'கலோசைபி இண்டிகா' என்று பெயரிட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் 'ஏ.பி.கே.2' என்ற ரகத்தை வெளியிட்ட பிறகுதான் இது வணிகப் பயிராகப் பரவியது. 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் இதற்குப் பிடிக்கும். குளிர்சாதனம் வேண்டாம். அதனால்தான் நம் வீட்டுப் பின்புறத்துக்கு இது பொருந்தி வருகிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முறை இதுதான். தோட்டத்து மண்ணில் கால்சியம் கார்பனேட் கலந்து அதன் பி.எச். அளவை 8 முதல் 8.5 வரை கொண்டு வருகிறார்கள். மண்ணை ஒரு மணி நேரம் ஆவியில் வேக வைத்து ஆற விடுகிறார்கள். பிறகு படுக்கையின்மேல் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புகிறார்கள். ஏறக்குறைய பத்து நாளில் மொட்டு தலைகாட்டும்.

பி.எச். என்பது புளிப்பையும் காரத்தையும் அளக்கும் கோல். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மண். கரிமண் என்றால் 3, 4 என்றுகூட இருக்கும்.

காரம் ஏன் வேண்டும்? இரண்டு காரணங்கள். முதலாவது, பச்சைப் பூசணம். காளான் வளர்ப்பவர்களுக்கு இதுதான் முதல் எதிரி. புளிப்பு மண் அதற்குப் பிடிக்கும், காரம் பிடிக்காது. இரண்டாவது, காளான் வளரும்போது அதுவே ஆக்சாலிக் அமிலத்தை வெளியிடுகிறது. அதனால் மேல்மண் நாளாக நாளாகப் புளிப்பேறும். மண்ணில் கால்சியம் இருந்தால் அந்த அமிலத்தைப் பிடித்துக் கால்சியம் ஆக்சலேட் என்ற கரையாத உப்பாக மாற்றிவிடும். முதல் அறுவடையோடு முடியாமல் இரண்டாம், மூன்றாம் அறுவடைவரை மண் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் இந்த இருப்பு கையில் இருக்க வேண்டும்.

ஒரே பெயர், நாலு பொருள்

இப்போது நான் செய்த தவற்றுக்கு வருகிறேன்.

தமிழில் சுண்ணாம்பு என்ற ஒரே சொல்லால் பல பொருள்களை அழைக்கிறோம். மலையை உடைத்து எடுப்பது சுண்ணாம்புக்கல். அதைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொடியாவது நீற்றிய சுண்ணாம்பு. பாட்டி வெற்றிலையில் தடவுவதும் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் இந்த நீற்றிய சுண்ணாம்புதான்.

மலாயிலும் இதே சிக்கல் இருக்கிறது. 'காப்பூர் சீரே' என்றால் வெற்றிலைச் சுண்ணாம்பு. 'காப்பூர் தானி' என்றால் வயலுக்குப் போடுவது. 'காப்பூர் தூலிஸ்' என்றால் பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி. 'காப்பூர் பாருஸ்' என்றால் கற்பூரமே ஆகிவிடுகிறது! கடையில் போய் 'காப்பூர்' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? அவர் கடையில் எது இருக்கிறதோ, அதைத்தான் கொடுப்பார்.

பெயர் ஒன்றாக இருந்தால் என்ன, எல்லாமே கால்சியம்தானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதிலைக் கவனமாகக் கேளுங்கள்.

கால்சியம் கார்பனேட் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். அமிலம் இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். அமிலம் தீர்ந்ததும் சும்மா இருந்துவிடும். அதனால் ஒரு பிடி கூடுதலாகப் போட்டாலும் மண்ணின் பி.எச். 8.3ஐ ஒட்டியே நிற்கும். கை தவறினாலும் காப்பாற்றும் பொருள் இது.

நீற்றிய சுண்ணாம்பு அப்படி நிற்காது. அது கால்சியம் ஹைட்ராக்சைடு. தாராளமாகப் போட்டால் பி.எச். 12ஐத் தாண்டிவிடும். 8.4க்கும் 12.4க்கும் உள்ள தூரம் பார்வைக்கு நாலு எண்தான். ஆனால் இந்தக் கோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. நாலு எண் என்றால் பத்தாயிரம் மடங்கு காரம். அந்த அம்மா 50 கிலோவுக்கு இரண்டரை கிலோ போட்டார். அதே அளவு கால்சியம் கார்பனேட் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நீற்றிய சுண்ணாம்பானதால், மேலே ஏற வந்த வெள்ளைப் பூசணம் அந்தக் காரத்தைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது.

நீற்றிய சுண்ணாம்பு கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. வைக்கோலைச் சூடு காட்டாமல் சுத்தம் செய்ய, அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அங்கே அந்தக் கடுங்காரம்தான் வேலை செய்கிறது. அனுபவம் உள்ளவர்கள் மேல்மண்ணிலும் மிகச் சிறிய அளவில், அளந்து சேர்ப்பதுண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது வேண்டாத ஆபத்து. சுட்ட சுண்ணாம்பை வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். தண்ணீர் பட்டால் அது கொதிக்கும்.

ஜிப்சம் என்ற இன்னொரு வெள்ளைத் தூளும் விற்கிறார்கள். அது கால்சியம் சல்பேட். அதில் கால்சியம் உண்டு. மண்ணையும் கட்டிபடாமல் வைக்கும். ஆனால் புளிப்பை மாற்றாது. கார்பனேட்டுக்குப் பதிலாக ஜிப்சம் போட்டுவிட்டு, பி.எச். ஏறவில்லையே என்று காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியை அரைத்துப் போடலாமா என்று ஒரு நேயர் முன்பு கேட்டிருந்தார். சாக்கட்டிகளில் பல இந்த ஜிப்சத்தால் செய்யப்படுபவை. எனவே அதை நம்ப வேண்டாம்.

வாங்குவது எங்கே, கேட்பது எப்படி?

நமக்கு ஒரு நல்ல செய்தி. கால்சியம் கார்பனேட்டுக்காக நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளை மலைகள் எல்லாம் அதுதான். கல்லுமலை முருகன் குடியிருப்பதும் பத்துமலை முருகன் குடியிருப்பதும் சுண்ணாம்புக்கல் மலையில்தான். சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் கல்லை அரைத்து மாவாக்கும் ஆலைகள் இருக்கின்றன. சாயம், பிளாஸ்டிக், காகிதம், பற்பசை என்று பல தொழில்களுக்கு அந்த மாவு போகிறது.

சிறிய அளவில் வேண்டுமானால் சிப்பிக் காளான் பை செய்பவர்களைக் கேளுங்கள். மரத்தூள் 100 பங்கு, தவிடு 10 பங்கு, கால்சியம் கார்பனேட் 1 பங்கு என்பது அவர்களுக்கு மனப்பாடமான கணக்கு. அந்த ஒரு பங்குக்காக அவர்களிடம் மூட்டை இருக்கும். சிப்பிக் காளானுக்கு உள்ளே கலப்பதும் பால் காளானுக்கு மேலே கலப்பதும் ஒரே பொருள்தான்.

கடையில் கேட்கும்போது 'காப்பூர்' என்று சொல்லாதீர்கள். 'கால்சியம் கார்பனாட்' என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மக்னீசியம். நம் நாட்டு விவசாயக் கடைகளில் வயலுக்கென்று அதிகம் விற்பது 'ஜி.எம்.எல்.' எனப்படும் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள். செம்பனைக்கும் நெல்லுக்கும் அது நல்லது. காளான் மேல்மண்ணுக்கு மக்னீசியம் குறைந்த தூளையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஜி.எம்.எல். மெதுவாகவும் வேலை செய்யும். 'டோலமைட்' என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

இரண்டு, பூச்சு. பிளாஸ்டிக் ஆலைக்காகத் தயாரிக்கும் கால்சியம் கார்பனேட்டில் சில வகைக்குக் கொழுப்பமிலப் பூச்சு கொடுத்திருப்பார்கள். 'கோட்டட்' என்று போட்டிருக்கும். அது தண்ணீரோடு ஒட்டாது. மண்ணில் போட்டால் ஈரமே ஏறாது. ஆலையிலிருந்து மிச்ச மூட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.

மூன்று, பொடியின் நயம். மாவு போல இருந்தால் விரைவாக வேலை செய்யும். குருணை போல இருந்தால் மெதுவாக, நெடுநாள் வேலை செய்யும். புதியவர்களுக்கு மாவு வகை போதும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. வெல்டிங் பட்டறையில் கார்பைட் வாயு எடுத்த பிறகு மிஞ்சும் வெள்ளைச் சேற்றை இலவசமாகக் கொடுப்பார்கள். அது நீற்றிய சுண்ணாம்பு. அதில் வேறு அழுக்குகளும் இருக்கலாம். இடித்த சுவரின் காரை, பிளாஸ்டர் பலகை, சிமெண்டு இவையும் வேண்டாம். காளான் தான் வளரும் இடத்திலுள்ள கன உலோகங்களை இழுத்துச் சேர்க்கக்கூடியது. நாளை அதைச் சாப்பிடப் போவது நம் பிள்ளைகள்.

முட்டை ஓடும் கிளிஞ்சலும்

காசில்லாமல் கிடைக்கும் வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. முட்டை ஓட்டில் 100க்கு 94 பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான். கிளிஞ்சல் ஓட்டிலும் அப்படித்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முட்டை ஓடு ஏறக்குறைய 5 கிராம். ஒரு கிலோ தூள் வேண்டுமானால் 200 முட்டை உடைக்க வேண்டும். முப்பது முட்டைத் தட்டு என்றால் ஏழு தட்டு. ரொட்டி சானாய் கடை வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு நாள் வேலையாக இருக்கலாம். நமக்கு அல்ல.

உழைக்கத் தயார் என்றால் செய்யலாம். ஓட்டின் உட்புறச் சவ்வை எடுத்துவிட வேண்டும். அது புரதம். மேல்மண்ணில் சத்து சேர்ந்தால் பூசணமும் ஈயும் தேடி வரும். நன்றாகக் கொதிக்க வைத்து, காய வைத்து, மாவாக அரைக்க வேண்டும். கரகரவென்று விட்டால் அது வேலை செய்யுமுன் உங்கள் அறுவடை முடிந்துவிடும். கிளிஞ்சல் என்றால் உப்புப் போகப் பலமுறை கழுவ வேண்டும். அரைப்பது எளிது என்று நினைத்து அடுப்பில் போட்டுச் சுட்டுவிடாதீர்கள். நன்றாகச் சுட்டால் அது சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். நம் முன்னோர் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் வெற்றிலைச் சுண்ணாம்பு செய்தார்கள்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள்

மூட்டையில் எழுத்தே இல்லை, பிரித்துக் கட்டிய பொட்டலம்தான் கிடைத்தது என்றால் என்ன செய்வது? சமையலறைக்குப் போங்கள்.

முதல் சோதனை, தண்ணீர். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். நனைந்து மூழ்க வேண்டும். நனையாமல் மேலேயே மிதந்து நின்றால் அது பூச்சுக் கொடுத்த வகை.

இரண்டாவது, பி.எச். தாள். மருந்தகத்திலோ மீன் தொட்டிப் பொருள் விற்கும் கடையிலோ கிடைக்கும். 14 வரை காட்டும் தாளாகக் கேட்டு வாங்குங்கள். தூள் கலந்த தண்ணீரில் தோயுங்கள். 9ஐ ஒட்டி நின்றால் கார்பனேட்டாக இருக்கலாம். 12க்கு ஓடினால் அது நீற்றிய சுண்ணாம்பு. 7 பக்கத்திலேயே இருந்தால் ஜிப்சமாக இருக்கலாம்.

மூன்றாவது, புளிக்காடி. 'சூக்கா' என்று சமையலுக்கு வாங்குகிறோமே, அதுதான். வேறு ஒரு சிட்டிகைத் தூளின்மேல் ஊற்றுங்கள். சுர்ரென்று பொங்கி நுரைத்தால் கால்சியம் கார்பனேட். சோம்பலாக ஒன்றிரண்டு குமிழி வந்தால் டோலமைட்டாக இருக்கலாம். ஒன்றும் வராவிட்டால் ஜிப்சமாகவோ நீற்றிய சுண்ணாம்பாகவோ இருக்கலாம். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். திறந்து கிடந்த பழைய நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கொஞ்சம் கார்பனேட்டாக மாறியிருக்கும். அதுவும் நுரைக்கும். தாளையும் புளிக்காடியையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு தெரியும்.

எவ்வளவு கலப்பது?

100க்கு இத்தனை என்று நான் இன்னொரு முறை ஓர் எண்ணைச் சொல்லித் தப்பு செய்யப் போவதில்லை. உங்கள் வீட்டு மண் வேறு, பக்கத்து வீட்டு மண் வேறு. கரிமண் அதிகம் கேட்கும். தேங்காய் நார்த்தூள் அவ்வளவு கேட்காது. ஆனால் அதிலுள்ள உப்பைக் கழுவ வேண்டும். ஆற்றோர மணல்மண் இன்னும் குறைவாகக் கேட்கும். உங்கள் மண்ணையே கேளுங்கள்.

ஐந்து பழைய டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ மண் போடுங்கள். முதலாவதில் ஒன்றும் சேர்க்காதீர்கள். மற்றவற்றில் 10, 20, 30, 50 கிராம் கால்சியம் கார்பனேட் சேர்த்துக் கலந்து, ஈரமாக்கி மூடி வையுங்கள். கார்பனேட் நிதானமாகத்தான் வேலை செய்யும். எனவே ஒரு வாரம் பொறுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மண் எடுத்து, சுத்தமான தண்ணீரில் கலக்கி, தெளிய விட்டு, பி.எச். தாளில் பாருங்கள். 8க்கு மேல் போன டப்பாக்களில் எது குறைந்த அளவோ, அதற்கு அடுத்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடுதல்தான் பின்னால் வரும் அமிலத்தைத் தாங்கும் இருப்பு. 20 கிராமில் 8ஐத் தாண்டியிருந்தால் 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ மண்ணுக்கு ஒன்றரை கிலோ.

மொத்த மண்ணையும் இதே கணக்கில் கலந்து, ஈரமாக்கி, ஒரு வாரம் மூடி வைத்து, மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஆவியில் வேக வைத்து, முழுவதும் ஆறிய பிறகு 2 சென்டிமீட்டருக்குப் பரப்புங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக வர வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. பரப்பிய பிறகு தட்டி அழுத்தாதீர்கள். மண்ணுக்குள் காற்றுப் போக வேண்டும். தினமும் பூவாளித் தூறலாகத் தண்ணீர் தெளியுங்கள்.

கால்சியம் குளோரைடு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் மொட்டுக் காளானுக்கு 0.3 விழுக்காட்டுக் கரைசலை நீர்ப்பாசனத்தில் கொடுத்து, காளானின் வெண்மையும் தாங்கும் நாளும் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். அது காளானின் தரத்துக்காகச் செய்வது. மண்ணின் புளிப்பை அது மாற்றாது. மேல்மண்ணில் கார்பனேட்டின் வேலையை அது செய்யாது.

எந்தத் தூளாக இருந்தாலும் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். நீற்றிய சுண்ணாம்பு என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஆள் அனுப்புங்கள், பிறகு உடனே போங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

நிறைவாக...

எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்த அம்மாவை அழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க தங்கச்சி, கடைக்காரனும் கேக்கல, நானும் கேக்கல" என்றார். அவர் பெருந்தன்மை அது. ஆனால் தொலைக்காட்சியில் ஒரு சொல்லைச் சொல்பவருக்கு அந்தப் பெருந்தன்மையில் ஒளிந்துகொள்ள உரிமையில்லை. கடைக்காரர் ஒருவருக்குத் தவறாகக் கொடுத்தார். நான் எத்தனை வீட்டுக்குத் தவறாகச் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. வேறு யாரெல்லாம் அப்படிக் கலந்து, வராத காளானைப் பார்த்து, தன் கைராசி சரியில்லை என்று விட்டுவிட்டார்களோ! அவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். உங்கள் கைராசியில் குறையில்லை. தூள்தான் மாறிவிட்டது.

இரண்டாம் முறை அவர் 120 பை போடவில்லை. இருபதுதான் போட்டார். ஐந்து டப்பாச் சோதனையைச் செய்தார். பக்கத்திலிருந்த சிப்பிக் காளான்காரரிடம் மூன்று கிலோ கால்சியம் கார்பனேட் வாங்கினார். பதினோராம் நாள் காலையில் எனக்குப் படம் அனுப்பினார். மண்ணைத் தள்ளிக்கொண்டு குண்டூசித் தலை போல வெள்ளை வெள்ளையாக மொட்டுகள். கூட்டுப் பணம் இன்னும் திரும்பவில்லை. இருபது பையில் அது திரும்பாது. ஆனால் அடுத்த முறை எத்தனை பை போடுவது என்று இப்போது யோசிக்கிறார்.

நேயர்களே, கடைக்குப் போகும்போது 'கால்சியம் கார்பனேட்' என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இனி இந்த மன்றத்தில் யாராவது 'சுண்ணாம்பு' என்று மட்டும் சொன்னால், நான் உட்பட, உடனே தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சுண்ணாம்பு?